பொருளை உதறிய அகராதி

ஆங்கிலத்தின் ஐந்து உயிரெழுத்துகளும் ஏ, ஈ, ஐ, ஓ, யூ என்ற அதே வரிசையில், ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறை வரும் சொற்கள் எவை? கையில் பெரிய அகராதியே இருந்தாலும் இதற்கு விடை தேடுபவர் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்தாக வேண்டும். முதல் எழுத்தைச் சொன்னால்தான் அகராதி வழிவிடும். நடு எழுத்தையோ கடைசி எழுத்தையோ சொல்லிக்கொண்டு உள்ளே போக முடியாது.

இந்தக் குறை அகராதி செய்தவர்களுக்கே தெரிந்திருந்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு ஊரில் இருக்கிறது மெரியம் நிறுவனம். அது 1934-இல் வெளியிட்ட வெப்ஸ்டர் அகராதியின் இரண்டாம் பதிப்பு 3,350 பக்கம் கொண்டது. அதே நிறுவனத்தில் 1930களில் தொடங்கி 1970கள்வரை தட்டச்சு செய்பவர்கள் சொற்களைக் கடைசி எழுத்திலிருந்து முன்னோக்கித் திருப்பி, ஒரு சொல்லுக்கு ஓர் அட்டையாக அடித்து அடுக்கினார்கள். அப்படிச் சேர்ந்தவை ஏறத்தாழ 3,15,000 அட்டைகள். ஒரே ஈற்றில் முடியும் சொற்களை ஒரே இடத்தில் பார்க்க அன்று வேறு வழி இல்லை. எத்தனை பேருடைய பொறுமை அது! அப்படியும் சொல்லின் நடுவில் ஒளிந்திருக்கும் எழுத்துக்கு அந்த அட்டைகளால் பயனில்லை.

அந்த 1934 அகராதியின் தலைச்சொற்கள் பின்னாளில் ஒரு கணினிக் கோப்பாயின. விளக்கம், உச்சரிப்பு, சொற்பிறப்பு, படம் எல்லாம் போய்விட்டன. வரிக்கு ஒரு சொல் மட்டும் மிஞ்சியது. மொத்தம் 2,34,936 சொற்கள். கோப்பின் பெயர் வெப்2. பொருளில்லாத அகராதி எதற்கு என்று தோன்றலாம். ஆனால் பொருளை இறக்கிவைத்த பிறகுதான் அந்தச் சொற்கள் எந்தப் பக்கத்திலிருந்து கூப்பிட்டாலும் வரத் தொடங்கின. இந்தக் கோப்பின் மேல் எனக்குள்ள பிரியம் அதனால்தான்.

கூப்பிடும் கருவி நியூ ஜெர்சியின் மரே ஹில்லில், பெல் ஆய்வகத்தில் பிறந்தது. யூனிக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்சன், தம்முடைய உரைத்தொகுப்பிக்குள் இருந்த தேடும் வசதியைத் தனியே எடுத்து, 1970களின் தொடக்கத்தில் கிரெப் என்ற சிறு நிரலாக்கினார். அது எழுத்துகளின் அமைப்பை வாங்கிக்கொண்டு, அதற்குப் பொருந்தும் வரிகளை மட்டும் காட்டும். பிரையன் கெர்னிஹனும் ராப் பைக்கும் 1984-இல் வெளியிட்ட யூனிக்ஸ் நூலில், நாம் தொடக்கத்தில் கேட்ட உயிரெழுத்துக் கேள்வியே ஓர் எடுத்துக்காட்டாக வருகிறது. உயிரல்லாத எழுத்துகள் எத்தனையும் இருக்கலாம், பிறகு ஏ, மறுபடி உயிரல்லாதவை, பிறகு ஈ என்று யூ வரை எழுதிக்கொண்டே போனால் அமைப்பு தயார். அதை வெப்2-இன் மேல் ஓட்டினால் வேடிக்கையாகப் பேசுவதைக் குறிக்கும் ஃபெசீஷியஸ் வருகிறது. உணவிலும் குடியிலும் அடக்கத்தைச் சொல்லும் அப்ஸ்டீமியஸ் வருகிறது. ஆர்சனிக் கலந்ததைச் சொல்லும் ஆர்சீனியஸும் வருகிறது. ஒன்றுக்கொன்று எந்த உறவும் இல்லாத இந்தச் சொற்கள் எந்த அகராதியிலும் அருகருகே நின்றதில்லை.

வரிசை முக்கியமில்லை, கையில் இருக்கும் எழுத்துகளைக் கலைத்துப் போட்டால் என்னென்ன சொல் வரும் என்பது வேறு கேள்வி. அதற்கு அதே ஆய்வகத்தைச் சேர்ந்த ஜான் பென்ட்லி 1980களில் விளக்கிய முறையைப் போல அழகானதை நான் அதிகம் பார்த்ததில்லை. ஒவ்வொரு சொல்லின் எழுத்துகளையும் அகரவரிசையில் அடுக்கி, அதையே அந்தச் சொல்லின் கையொப்பமாக வைத்துக்கொள்ள வேண்டும். ஸ்டாப், டாப்ஸ், பாட்ஸ் மூன்றுக்கும் ஓ, பி, எஸ், டி என்ற ஒரே கையொப்பம்தான். பட்டியல் முழுவதையும் கையொப்பப்படி அடுக்கினால் அந்த மூன்றும் தாமாகவே பக்கத்தில் வந்து நிற்கும். குறிப்பிட்ட சில எழுத்துகள் உள்ளே இருந்தால் போதும், மற்றவை எதுவானாலும் சரி என்றால் இன்னும் எளிது. ஒவ்வொரு சொல்லுக்கும் 26 இடம் ஒதுக்கி, இருக்கும் எழுத்துக்கு ஒன்று, இல்லாததற்குச் சுழியம் என்று குறித்துக்கொண்டால், இரண்டு லட்சத்துச் சொச்சம் சொற்களைக் கண் இமைப்பதற்குள் சலித்துவிடலாம்.

வெப்2 பிறகு பெர்க்லி வழி யூனிக்ஸுகளில் ஏறி, ஃப்ரீபிஎஸ்டியைக் கடந்து, ஆப்பிளின் மேக் கணினிகளுக்குள்ளும் குடிபுகுந்தது. மேக் வைத்திருக்கும் பலருக்குத் தங்கள் கணினியில் ஒரு பழைய வெப்ஸ்டர் இருப்பது தெரியாது. பகிரப்படும் அகராதிகளுக்கான அடைவில், வேர்ட்ஸ் என்ற பெயரில் அது கிடக்கிறது. கடைசி வரியில் ஸிஸோஜீட்டன் என்றொரு தென்னமெரிக்கத் தத்துப்பூச்சிப் பேரினம்.

வயது இந்தக் கோப்புக்கு ஒரு குறை. டிரான்சிஸ்டர் 1947-இல் அதே மரே ஹில்லில் பிறந்தது. 1934-இல் அச்சான அகராதியில் அதற்கு இடமிருக்க வழியில்லை. இன்னொரு குறை, தலைச்சொற்களை மட்டும் எடுத்ததால் பெரும்பாலான பன்மைகளும் வினைத்திரிபுகளும் இதில் இல்லை. ஸ்கிராபிள் ஆடுபவருக்கு இது பெரிய நஷ்டம். பன்மை விகுதியான எஸ்தானே அங்கே பாதி ஆட்டம்! அவர்களுக்காகவே, திரிந்த வடிவங்களையும் சேர்த்து, 1978-இல் ஒரு தனி அகராதி வந்தது. அதை வெளியிட்டதும் ஸ்பிரிங்ஃபீல்டின் மெரியம்தான்.

2021-இல் ஐந்தெழுத்துச் சொல்லை ஊகித்துக் கண்டுபிடிக்கும் வேர்டில் விளையாட்டை ஜோஷ் வார்டில் வெளியிட்டபோது பிரச்சினை தலைகீழானது. ஆங்கிலத்தில் ஐந்தெழுத்துச் சொற்கள் ஏறக்குறைய 12,000 கிடைத்தன. அவற்றில் பெரும்பாலானவற்றை யாரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். எது மக்களுக்குத் தெரிந்த சொல் என்று எந்தக் கோப்பிடமும் கேட்க முடியாது. ஆகவே அவருடைய துணைவி பலக் ஷா உட்கார்ந்து, தனக்குத் தெரிந்தது, தெரியாதது என்று சொல் சொல்லாகப் பிரித்து, பட்டியலைச் சுமார் 2,500-க்குக் குறைத்தார்.