வக்கீல்கள் தேடியதும், கிடைக்காமல் போனதும்

கூகுள்ல எதையோ தேடிட்டு, "அவ்வளவுதான், வேற எதுவும் இல்ல"ன்னு எத்தனை தடவை மூடியிருப்பீங்க? இன்னிக்குக் கதை அந்த நம்பிக்கையைப் பத்தினதுதான்.

1847. இங்கிலாந்தின் லிங்கன் ஊரில் செருப்புத் தைப்பவரின் மகன் ஜார்ஜ் பூல். காலேஜ் பக்கமே போகாம, கணிதத்தைத் தானே படிச்சவர். தர்க்கத்தை அல்ஜீப்ரா மாதிரி எழுதலாம்னு அந்த வருஷம் ஒரு சின்னப் புத்தகம் போட்டார். நாம கோடுல தினமும் எழுதுற 'அண்ட்', 'ஆர்', 'நாட்' எல்லாத்துக்கும் வேர் அங்கதான். 'அண்ட்' போட்டா ரெண்டு சொல்லும் இருக்கணும். 'ஆர்' போட்டா ஒண்ணு இருந்தா போதும். 'நாட்' போட்டா அந்தச் சொல் இருக்கவே கூடாது.

நூறு வருஷத்துக்கு மேல ஆனதும், கம்ப்யூட்டரில் ஆவணங்களைத் தேட இதே மூணும்தான் கருவி ஆச்சு. அது எவ்வளவு நல்லா வேலை செய்யுது? பிளேர், மேரன்னு ரெண்டு ஆய்வாளர்கள் அதை ஒரு நிஜ வழக்கில் சோதிச்சு, 1985-ல் முடிவை வெளியிட்டாங்க.

கிட்டத்தட்ட 40,000 ஆவணங்கள், சுமார் மூன்றரை லட்சம் பக்கங்கள். தேவையானதில் 75 சதவீதமாவது வேணும்னு வக்கீல்கள் கேட்டாங்க. திருப்தி ஆகுற வரைக்கும் தேட வச்சாங்க. கிடைச்சிடுச்சுன்னும் நம்பினாங்க. உண்மையில் கிடைத்தது சுமார் 20 சதவீதம்தான்.

ஏன்? குறை சொல்லி எழுதினவங்க "விபத்து"ன்னு எழுதினதை, அதில் நேரடியாச் சம்பந்தப்பட்டவங்க "துரதிர்ஷ்டமான நிலைமை"ன்னு எழுதியிருந்தாங்க. இன்னும் சிலர் "சம்பவம்", "பிரச்சினை". அதோட, ரிசல்ட் ஆயிரக்கணக்கில் வந்தா யாராலயும் படிக்க முடியாது. அதனால ஒவ்வொரு 'அண்ட்'டா சேர்த்துச் சுருக்குவாங்க. சேர்க்கச் சேர்க்க, வேற வார்த்தையில் எழுதின ஆவணங்கள் சத்தமில்லாம வெளியே போயிடும். போனது போனதுன்னு ஸ்கிரீன் சொல்லாது.

இப்போ கூகுள் ஓரளவுக்கு இணைச்சொற்களையும் தானே பார்க்குது. ஆனா ஆபீஸ் மெயில், லாக் ஃபைல், கோர்ட் ஆவணம்னு வந்தா பல இடத்தில் இன்னும் அதே பழைய பிரச்சினைதான்.

அதனால அடுத்த தடவை தேடும்போது, சுருக்குறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி: இதை மறைக்க நினைக்கிறவர் என்ன வார்த்தை போட்டிருப்பார்? அந்த வார்த்தையை 'ஆர்' போட்டுச் சேருங்க. கூகுள்ல அந்த 'ஆர்' பெரிய எழுத்தில் இருக்கணும், மறந்துடாதீங்க.

அடுத்த எபிசோடில் பார்ப்போம்.