கூப்பிட்டால் வராத ராஜபாளையம் நாய்

ராஜபாளையம் நாயை வளர்ப்பவர்கள் சொல்லும் குறைகளைச் சேர்த்து வைத்துப் பார்த்தால் ஒரு வடிவம் தெரியும். பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாது. தூங்கும்போது யாராவது தொட்டுவிட்டால் பதறி எழுந்து கடிக்கப் பாயும். குட்டியாக இருக்கையில் கூடப் பிறந்ததைக் கவ்விப் பிடித்தால், அது வீறிட்டாலும் விடாது. ஊரில் இதற்கு நெடுங்காலமாக ஒரே விளக்கம்தான்: இது பாளையக்காரர் வளர்த்த சாதி, ஒரு எஜமானைத் தவிர மற்றவரை மதிக்காது, கொஞ்சம் திமிர் இருக்கத்தான் செய்யும். கேட்கப் பெருமையாக இருக்கும் விளக்கம். ஆனால் இந்த மூன்று நடத்தையையும் திமிரைக் காட்டிலும் எளிதாக விளக்குவது காது. நாய் செவிடாக இருக்கலாம். அந்தச் செவிட்டை அதற்குக் கொடுத்தது நம்முடைய வெள்ளை மோகம் என்பதே என் வாதம்.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் மேற்கே சுவர் போல நிற்கும் மலையில் 1988இல் சாம்பல் நிற அணில் சரணாலயம் வந்தது. 2021இல் மேகமலையோடு சேர்ந்து அது புலிகள் காப்பகமானது. அதற்கு முன்பு பல தலைமுறைக் காலம் இந்த அடிவாரம் வேட்டைக்காடு. சேத்தூர், சிவகிரி போன்ற பாளையங்களும் பின்னாளில் ஜமீன்களும் இதை ஒட்டியே இருந்தன. காட்டுப்பன்றியை விரட்டிப் பிடிக்க வளர்க்கப்பட்டதுதான் இந்த நாய். பாளையக்காரர் போர்களில் ஆங்கிலேயரின் குதிரைப்படை மீது இவற்றை ஏவினார்கள் என்ற கதை இங்கே பிரபலம். அது வாய்மொழி மரபு. என் வாதத்துக்கு அது தேவையும் இல்லை. நாயின் உடம்பே போதிய சாட்சி. முக்கால் மீட்டரை எட்டும் உயரம், ஆழ்ந்த மார்பு, ஒட்டிய வயிறு, நீண்ட கால்: கண்ணால் இரையைக் கண்டு ஓடிப் பிடிப்பதற்கு அமைந்த உடம்பு. பால்வெள்ளை நிறத்துக்கும் ரோஸ் மூக்குக்கும் அந்த வேலையில் எந்தப் பங்கும் இல்லை. அவை பார்ப்பவர் கண்ணுக்காக வந்தவை. ஒரே ஈற்றில் பழுப்போ புள்ளியோ விழுந்த குட்டிகளும் பிறப்பதுண்டு; அவற்றைப் பிறந்தவுடன் கழித்துவிடும் பழக்கம் இருந்தது. நிறக் குட்டிகள் மறுபடி மறுபடி பிறந்தன என்பதே, வெள்ளை இந்த இனத்தின் மாறாத இயல்பு அல்ல, ஈற்றுக்கு ஈற்று பொறுக்கி எடுத்து நிலைநிறுத்தியது என்பதற்குச் சான்று.

வெள்ளைக்கும் காதுக்கும் என்ன தொடர்பு? தோலுக்கும் மயிருக்கும் நிறம் தரும் செல்கள் கரு வளரும்போது நரம்புப் பகுதியிலிருந்து கிளம்பி உடம்பெங்கும் பரவுகின்றன. அவற்றில் சில உள்காதின் நத்தை எலும்புக்குள்ளும் போய்ச் சேர்கின்றன. அங்கே அவற்றின் வேலை அழகு அல்ல. ஒலியை உணரும் நுண்மயிர்ச் செல்கள் இயங்கத் தேவையான திரவச் சூழலைக் காப்பது. நிறச்செல்கள் உடம்பின் ஓரங்கள்வரை பரவாமல் நின்றுவிட்டால் மயிர் வெளுக்கும், மூக்கு ரோஸாகும். காதுக்குள்ளும் அவை போய்ச் சேராவிட்டால், பிறந்த சில வாரங்களில் நுண்மயிர்ச் செல்கள் மடிந்துபோகும். பிறகு எந்த மருந்தாலும் அவை திரும்புவதில்லை. நீலக்கண் பூனைகள் செவிடு என்று டார்வின் 1859லேயே எழுதினார். டால்மேஷியன் நாய்களில் ஏறக்குறைய பத்தில் மூன்றுக்கு ஒரு காதாவது கேட்காது என்று அமெரிக்க ஆய்வுகள் காட்டுகின்றன. ராஜபாளையத்திலும் நீலக்கண்ணோடு பிறக்கும் குட்டியைச் சந்தேகத்தோடு பார்க்கும் வழக்கம் வளர்ப்பவர்களிடம் உண்டு. திமிர்க் கதையைச் சொன்ன ஊருக்கே உள்ளூர விஷயம் தெரிந்திருக்கிறது.

வெள்ளை நாயெல்லாம் செவிடா என்று கேட்கலாம். இல்லை. சமோயெட் நாயும் வெள்ளைதான். அதற்குக் காது நன்றாகக் கேட்கும். அதன் உடம்பில் நிறச்செல்கள் இருக்கின்றன, மயிரில்தான் நிறம் ஏறவில்லை. கறுத்த மூக்கே அதைக் காட்டிக்கொடுக்கும். முழு அல்பினோ விலங்குகளிலும் செல்கள் இருக்கும், சாயம் மட்டும் சுரக்காது. ஆகவே அவற்றுக்கும் பொதுவாகக் கேட்கும். செல்லே போய்ச் சேராத வெள்ளைதான் ஆபத்து. அந்த வெள்ளையிலும் பல குட்டிகள் தப்பிவிடுகின்றன.

இதைவிடக் கனமான கேள்வி ஒன்று இருக்கிறது. செவிட்டு நாயை வைத்துக்கொண்டு முன்னோர் எப்படிப் பன்றி வேட்டை ஆடினார்கள்? கூட்டமாக ஓடும் நாய், முன்னால் ஓடுவதைப் பார்த்து ஓடும். ஒற்றைக் காது கேட்டாலே ஒருமாதிரி சமாளித்துவிடும். முழுச் செவிடானதோ, வேட்டைக்காரன் குரலுக்குக் கட்டுப்படாத நாயாகப் போயிருக்கும். அதை அவன் இனவிருத்திக்கு விட்டிருக்க மாட்டான் என்று நினைக்க நியாயம் இருக்கிறது. அந்தக் காவல்தான் பிறகு போய்விட்டது. 1948இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம், 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். வேட்டை ஓய்ந்தது. வாசலில் கட்டிக் கிடக்கும் நாயிடம் யாரும் காதைச் சோதிப்பதில்லை. நிறத்தையும் நிற்கும் நிமிர்வையும்தான் பார்க்கிறார்கள். 2005இல் அஞ்சல் தலையில் இந்த நாய் இடம்பெற்றதும், கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபணு வளப் பணியகத்தின் இனப் பதிவேட்டில் சேர்ந்ததும் நல்ல செய்திகள். ஆனால் புகழ் ஏற ஏற, வெள்ளைக்கு விலை ஏறுகிறது. செவிட்டுக்கு நெருங்கிய உறவில் இணை சேர்ப்பதுதான் காரணம் என்று சொல்பவர்கள் பாதி சரி. இணைசேர்ப்பு குறையைப் பெருக்கும். எந்தக் குறை பெருகவேண்டும் என்பதை நிறத்தேர்வுதான் தீர்மானித்தது.

கண்ணுக்கு அழகு தேடி உடம்பைக் கெடுப்பது நாய்க்கு மட்டும் நேர்ந்ததல்ல. சீனத்தில் சோங் வம்சக் காலத்தில் குளங்களில் வளர்த்துப் பெருக்கிய தங்கமீனை, பின்னால் வந்தவர்கள் உருண்டை உடம்பாக்கினார்கள். குறுகிய வயிற்றில் குடலும் காற்றுப்பையும் நெரிபட, தொட்டியில் அது தலைகீழாக மிதக்கிறது. வளர்ப்பவர் தண்ணீரை மாற்றுகிறார், தீனியை மாற்றுகிறார். தண்ணீர் கெட்டுப்போவதும் காரணமாகலாம் என்பது உண்மையே. ஆனால் நீள உடம்புத் தங்கமீனுக்கு இந்தத் தொல்லை அரிது.

ராஜபாளையம் குட்டி வாங்கப் போகிறவர்கள் செய்யக்கூடியது பெரிய வேலை அல்ல. ஐந்தாறு வாரக் குட்டி தூங்கும்போது, காற்றும் அதிர்வும் படாத தூரத்திலிருந்து சாவிக்கொத்தை ஆட்டிப் பாருங்கள். கூட்டத்திலிருந்து பிரித்துத் தனியாகச் சோதியுங்கள், ஏனென்றால் செவிட்டுக் குட்டி மற்றவற்றைப் பார்த்து எழுந்துகொள்ளும். ஒற்றைக் காதுச் செவிட்டை இந்தச் சோதனை பிடிக்காது. அதற்குத் தலையில் மின்முனை வைத்து மூளைத்தண்டின் பதிலை அளக்கும் சோதனை தேவை. இனவிருத்திக்கு விடும் ஆணுக்கும் பெண்ணுக்கும் அந்தச் சோதனையைச் செய்து சான்று கொடுப்பதை வளர்ப்பவர்கள் வழக்கமாக்க வேண்டும். பழுப்புப் புள்ளியோடு பிறந்த குட்டியையும் ராஜபாளையம் என்றே விற்க வேண்டும், வாங்க வேண்டும்.