கோடும் குழந்தையும்

எழுத்தறியும் முன்னரே குழந்தை கோடறிகின்றது. மணலைக் கண்டால் அதன் விரல் சும்மா இருப்பதில்லை. கரித்துண்டைக் கண்டால் கையும் சும்மா இருப்பதில்லை. வெள்ளையடித்த சுவரின் தூய்மை மறுநாள்வரை நிலைப்பது, சிறுவர் இல்லாத வீட்டில் மட்டுமே. இவ்வியல்பை அறியாத பெற்றோர் எந்நாட்டிலும் இலர். ஆயினும், வீட்டுச் சுவரில் தானே தோன்றும் இவ்வார்வத்தைப் பள்ளிக்கூடம் எவ்வாறு ஏற்றுக்கொள்வது என்னும் வினா, இரு நூற்றாண்டுகளாகக் கல்வியாளரின் சிந்தைக்கு வேலை கொடுத்து வந்திருக்கின்றது.

மொழிக்கு அரிவரி உண்டு. எழுத்தின் பின் சொல்லும், சொல்லின் பின் வசனமும் கற்பிக்கப்படுகின்றன. கணிதத்தில் எண்ணின் பின்னரே கூட்டலும் கழித்தலும் வருகின்றன. சித்திரத்துக்கும் அத்தகைய அரிவரி ஒன்று உண்டா? கோடு, வடிவம், நிறம், ஒளிநிழல் என்பவற்றைத் தனித்தனியே பயிற்றிய பின்னர்தான் குழந்தையை மரமும் மாடும் வரைய விடல் வேண்டுமா? அன்றி, மரத்தையும் மாட்டையும் தன் மனம்போல் வரைந்து பழகிய குழந்தைக்குத்தான் கோட்டின் இயல்பு விளங்குமா? பார்வைக்குச் சிறிய வினாவே. ஆனால் இதற்குப் பெரியோர் கூறிய விடைகளுக்கேற்பவே பல தலைமுறைச் சிறுவர் சித்திர வகுப்பை விரும்பினர், அல்லது வெறுத்தனர்.

இவ்வரிவரியை முறைப்பட வகுக்க முனைந்தவருள் முதன்மையானவர் சுவிற்சர்லாந்து தேசத்துக் கல்விப் பெரியாராகிய பெஸ்தலோசி. 1746ஆம் ஆண்டு பிறந்து 1827ஆம் ஆண்டு மறைந்தவர். அறிவனைத்தும் எண், வடிவம், மொழி என்னும் மூன்றையும் அடிப்படையாகக் கொண்டெழுவது என்பது அவர் கொள்கை. வடிவத்தைக் கற்பிப்பதற்கெனப் புஸ் என்னும் உதவியாசிரியரோடு சேர்ந்து 1803ஆம் ஆண்டில் அவர் ஒரு நூலை வெளியிட்டார். 'காட்சியறிவின் அரிவரி' என்று அதன் பெயரைத் தமிழில் கூறலாம். கிடைக்கோடு, நிலைக்கோடு, சாய்கோடு என்பவை முதற்பாடம். பின்னர் அவற்றைச் சமபாகங்களாகப் பிரித்தல். அதன்பின் கோணம், சதுரம், வளைவு. இவ்வாறு படிப்படியாகக் கண்ணையும் கையையும் பயிற்றினால் உலகப் பொருள்கள் யாவற்றையும் குழந்தை சரிவரக் காணும் என்பது அவர் எதிர்பார்ப்பு.

பெஸ்தலோசியின் நோக்கம் உயர்ந்தது. அக்காலத்தில் சித்திரப் பயிற்சி செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஓர் அணிகலனாகவும், கைவினைஞரிடம் தொழில் பழகுவோருக்கு ஒரு கருவியாகவும் மட்டுமே இருந்தது. அதனை ஏழைக் கிராமத்துக் குழந்தையின் கையிலும் வைத்தல் வேண்டும், எழுதுவதற்கு முன்னரே வரையப் பழக்குதல் வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். இயற்கை குழந்தைக்குக் காட்டுவது பொருள்களையேயன்றி வெறுங் கோடுகளையன்று என்பதையும் அவர் உணர்ந்தேயிருந்தார். ஆயினும் முறை வேறு, உணர்வு வேறு ஆயிற்று. வளர்ந்தோர் ஒரு வீட்டைக் கண்டு, அதனை மனத்தால் பகுத்து, இறுதியில் கோட்டை அடைகின்றனர். குழந்தையோ கோட்டைத் தனியே எங்கும் சந்தித்ததில்லை. அது சந்தித்தது வீட்டை, தாயை, பசுவை. ஆகவே வளர்ந்தோர் அறிவுக்கு எளிதாகத் தோன்றும் கோட்டைவிட, பல கோடுகளாலாய வீடே குழந்தைக்கு எளிது. இவ்வுண்மை பள்ளிகளுக்கு எட்ட மேலும் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு சென்றது.

பெஸ்தலோசியின் பள்ளியில் 1808ஆம் ஆண்டு முதல் 1810ஆம் ஆண்டு வரை தங்கிப் பயின்ற ஜேர்மானியர் புறோபெல். பின்னர் பேர்லின் நகரில் கனிப்பொருட் காட்சிச்சாலையிற் பணியாற்றிய காலத்தில், பளிங்குகளின் ஒழுங்கான அமைப்பு அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. 1837ஆம் ஆண்டில் பிளாங்கன்பேர்க் என்னும் ஊரிற் சிறு குழந்தைகளுக்கான நிலையமொன்றை அமைத்தார். இன்று பாலர் பூங்கா என்று உலகெங்கும் வழங்கும் பெயர் அதிலிருந்தே பிறந்தது. அவர் கோட்டை முதலிற் கொடுக்கவில்லை. கையிற் பிடிக்கும் பொருளைக் கொடுத்தார். முதற் பரிசு ஆறு நிற நூற்பந்துகள். இரண்டாவது, மரத்தாற் செய்த கோளம், உருளை, கனசதுரம் என்பவை. மூன்றாவது, எட்டுச் சிறு கனசதுரங்களாகப் பிரியும் ஒரு பெரிய கனசதுரம்.

அந்த எட்டுக் கட்டைகளைக் கொண்டு குழந்தை மூவகையாக விளையாடலாம். நாற்காலியும் படிக்கட்டும் அமைத்தால் அவை வாழ்க்கை வடிவங்கள். இரண்டிரண்டாகவும் நான்கு நான்காகவும் பிரித்துச் சேர்த்தால் அவை அறிவு வடிவங்கள். நடுவிலிருந்து நாற்புறமும் ஒழுங்காகப் பரப்பிப் பூப்போல் ஆக்கினால் அவை அழகு வடிவங்கள். பொருள் ஒன்றே, குழந்தை அதனிடம் கேட்கும் கேள்விதான் மூன்று. அமெரிக்கக் கட்டடக் கலைஞர் பிராங் லோயிட் றைற் சிறுவராயிருந்தபோது, 1876ஆம் ஆண்டுப் பிலடெல்பியாப் பொருட்காட்சியில் இப்பரிசுகளைக் கண்ட அவர் தாயார் அவருக்கு அவற்றை வாங்கிக் கொடுத்தார். அக்கட்டைகளின் உணர்வு தம் விரல்களைவிட்டு என்றும் நீங்கவில்லை என்று றைற் பிற்காலத்தில் எழுதினார்.

புறோபெலின் வாழ்வு மகிழ்ச்சியோடு முடியவில்லை. 1851ஆம் ஆண்டில் புறொசிய அரசு பாலர் பூங்காக்களைத் தடைசெய்தது. மறு ஆண்டே அவர் காலமானார். தடை நீங்கியது 1860ஆம் ஆண்டில். அவர் முறையை மேற்கொண்ட பள்ளிகள் பலவற்றில் விளையாட்டு மெல்ல மறைந்து விதி நிலைத்தது. சதுரக் கோடிட்ட சிலேட்டில், ஆசிரியர் சொல்லுமளவுக்கு மட்டும் கோடிழுக்கும் பயிற்சி எஞ்சியது.

இதே காலத்தில் இங்கிலாந்தில் வேறொரு வேகம் தோன்றிற்று. 1851ஆம் ஆண்டுப் பெரும் பொருட்காட்சியின் பின், ஆங்கிலேயரின் உற்பத்திப் பொருள்கள் அழகில் பிரெஞ்சுப் பொருள்களுக்குப் பின்தங்கியுள்ளன என்னும் கவலை ஆட்சியாளரைப் பற்றிக்கொண்டது. ஹென்றி கோல் என்பவர் தலைமையிற் புதிய அரசாங்கப் பகுதியொன்று உருவாயிற்று. தென் கென்சிங்டன் முறை என்று பெயர்பெற்ற அதன் பாடவிதானத்தை வகுத்தவர் றிச்சாட் றெட்கிரேவ். இருபதுக்கு மேற்பட்ட படிகளைக் கொண்ட அத்திட்டத்தில், அடிமட்டமும் கவராயமும் கொண்டு கோடிழுத்தலே முதற்படி. அச்சிட்ட மாதிரிகளைப் பார்த்து எழுதுதல் அதன்பின். பத்துப் படிகளைத் தாண்டிய பின்னரே வர்ணம் வந்தது. சொந்தக் கற்பனைக்கு இடம் கிடைத்தது இறுதியில்தான். தொழிற்சாலைக்குப் பணியாளரை ஆயத்தஞ் செய்வதே நோக்கமாதலின், சிறுவர் என்ன காண்கின்றனர் என்பதை எவரும் வினவவில்லை. மாதிரியிலிருந்து எவ்வளவு விலகினர் என்பதே அளவுகோலாயிற்று.

இதற்கு அக்காலத்திலேயே எதிர்ப்புக் குரல் ஒன்று எழுந்தது. 1857ஆம் ஆண்டில் 'சித்திரத்தின் மூலக்கூறுகள்' என்னும் பொருளுடைய நூலை எழுதிய ஜோன் றஸ்கின், அந்நூல் சிறு குழந்தைகளுக்கன்று என்று அதன் முகவுரையிலேயே தெளிவுபடுத்தினார். பன்னிரண்டு, பதினான்கு வயதுக்கு முன் முறையான பயிற்சியைத் திணியாது, கிடைத்த தாளிற் கிறுக்க விட்டு, கவனமும் உண்மையும் தோன்றுமிடத்து மெச்சுதலே போதுமென்பது அவர் கருத்து. மூலக்கூறுகளைப் பற்றி நூல் எழுதியவரே அவற்றைக் குழந்தையிடமிருந்து விலக்கி வைத்தமை எண்ணத்தக்கது.

குழந்தை உண்மையில் என்ன வரைகின்றது என்பதை ஆராயும் ஆவல் ஒரு மழையினால் விளைந்தது எனலாம். 1882ஆம் ஆண்டு முடிந்து 1883ஆம் ஆண்டு பிறக்கும் குளிர்காலத்தில், இத்தாலியின் பொலோஞா நகரில் மழைக்கு ஒதுங்கிய கலை அறிஞர் கொறாடோ றிச்சி, அந்நகரத்து நெடுந்தாழ்வாரமொன்றின் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். சுவரின் கீழ்ப்பகுதியிற் சின்னஞ்சிறு குழந்தைகளின் கிறுக்கல்கள். உயரம் ஏற ஏற மூத்த சிறுவரின் சித்திரங்கள். கைக்கெட்டிய உயரமே வயதைக் காட்டிற்று. அன்று பிறந்த ஆவலினாற் குழந்தைச் சித்திரங்களைத் தேடிச் சேர்த்த றிச்சி, 1887ஆம் ஆண்டில் 'குழந்தைகளின் கலை' என்னும் நூலை வெளியிட்டார். குதிரையின் ஒரு பக்கம் தெரியும்போதும் வீரனின் இரு கால்களையும் குழந்தை வரைகின்றது. வீட்டுச் சுவரினூடே உள்ளிருப்போரையும் காட்டுகின்றது. கண்டதையன்றி அறிந்ததை வரைவது அதன் வழக்கம். இவை பிழைகளல்ல; குழந்தை தன் உலகத்தை எடுத்துரைக்கும் முறை.

இவ்வறிவைப் பள்ளிக்குட் கொண்டு சென்று புகழ்பெற்றவர் பிரான்ஸ் சிஷெக். பொஹிமிய நாட்டில் 1865ஆம் ஆண்டு பிறந்த இவர், ஓவியம் பயில 1885ஆம் ஆண்டில் வியன்னா நகரை அடைந்து ஒரு தச்சர் குடும்பத்தாரின் வீட்டிற் குடியிருந்தார். இவர் வரைவதைக் கண்ட அவ்வீட்டுப் பிள்ளைகள் தாமும் வரைய விரும்பினர். வர்ணமும் தூரிகையும் கொடுத்தார். எதிரேயிருந்த நெடும் பலகை வேலியிலும் தெருச் சிறுவர் இடத்துக்குச் சண்டையிட்டுக்கொண்டு சித்திரமெழுதுவதை அவதானித்தார். எவரும் கற்பிக்காத அச்சித்திரங்களில் மீண்டும் மீண்டும் தோன்றும் ஒழுங்குகள் இருப்பதைக் கண்டு வியந்தார். 1897ஆம் ஆண்டிற் சிறுவர்க்கென ஒரு கலை வகுப்பைத் தொடங்கினார். பாடத்திட்டம் யாதென அதிகாரிகள் வினவியபோது, குழந்தைகளை வளரவும் முதிரவும் விடுவதே திட்டம் என்றாராம். மாதிரி பார்த்தெழுதுதல் அவ்வகுப்பில் இல்லை. தாள் வெட்டுதல், களிமண், மரச்செதுக்கு முதலியன இருந்தன.

முதலாம் உலக யுத்தத்தின் பின் வியன்னாவின் குழந்தைகள் பட்டினியால் வாடினர். நிவாரணப் பணிக்குச் சென்ற ஆங்கிலப் பெண்மணி பிரான்செஸ்கா வில்சன், சிஷெக்கின் மாணாக்கர் எழுதிய சித்திரங்களை 1920ஆம் ஆண்டில் இங்கிலாந்துக்குக் கொண்டுவந்து காட்சிக்கு வைக்க உதவினார். பகைநாட்டுக் குழந்தைகளின் சித்திரங்களைக் காணச் சென்றோர், தம் நாட்டுப் பள்ளிகளின் சித்திரக் கொப்பிகளை நினைத்து நாணினர். ஊரூராகச் சென்ற அக்காட்சி, மாதிரி பார்த்தெழுதும் முறையின் அடித்தளத்தை அசைத்தது.

எனினும் சிஷெக்கின் வகுப்பிலும் ஒரு குறையைச் சிலர் கண்டனர். சுதந்திரமாக எழுதப்பட்டவை என்று கூறப்பட்ட சித்திரங்கள் பல ஒன்றையொன்று ஒத்திருந்தன. ஆசிரியரின் விருப்பம் சொல்லின்றியே மாணாக்கர் கையிற் புகுந்துவிட்டது போலும். கற்பிக்கவில்லை என்று ஆசிரியர் கூறுவதனால் மட்டும் கற்பித்தல் நின்றுவிடுவதில்லை. ஒரு முகக்குறிப்பும் பாடமே. சுவரில் எந்தச் சித்திரத்தை மாட்டுகின்றார் என்பதும் பாடமே.

இவ்விரு எல்லைகளுக்கும் நடுவே ஒரு வழி கண்டவர் ஆங்கில ஆசிரியை மரியன் றிச்சாட்சன். 1912ஆம் ஆண்டில் டட்லி நகரத்துப் பெண்கள் பள்ளியிற் பணியேற்ற இவர், மாணவியரைக் கண்மூடியிருக்கச் செய்து, அந்திவேளைத் தெருவொன்றையோ கடைவீதியையோ சொற்களால் விவரிப்பார். மனக்கண்ணிற் காட்சி தெளிந்த பின்னரே அவர்கள் வர்ணத்தைத் தொடுவர். 1917ஆம் ஆண்டிற் கலை விமரிசகர் றொஜர் பிறை அச்சித்திரங்களைக் கண்டு பாராட்டினார். 1935ஆம் ஆண்டில் றிச்சாட்சன் எழுத்துப் பயிற்சிக்கென வெளியிட்ட நூல்கள், குழந்தையின் கிறுக்கலில் இயல்பாகவே உள்ள அலையும் சுழியும் வளைவுமாகிய அசைவுகளை எடுத்து, அவற்றிலிருந்து கோலவடிவங்களையும் கையெழுத்தையும் வளர்த்தன. பெஸ்தலோசியின் கோடு ஒரு நூற்றாண்டின் பின் மீண்டும் வந்தது. ஆனால் அடிமட்டத்திலிருந்தன்று, குழந்தையின் கையிலிருந்து.

இக்காற்று இலங்கைக்கும் வீசிற்று. 1920ஆம் ஆண்டில் இந்நாட்டுக் கல்விப் பகுதியின் சித்திரப் பரிசோதகராக வந்த சி. எப். வின்சர் என்னும் ஓவியர், இளங் கலைஞர் பலருக்கு ஊக்கமளித்தார். அவர்க்குப் பின் அப்பதவியை வகித்த டபிள்யூ. ஜே. ஜி. பீலிங், 1943ஆம் ஆண்டிற் பிறந்த '43 குழு' என்னும் ஓவியர் கூட்டத்தின் உறுப்பினருள் ஒருவர். யாழ்ப்பாணத்தில் எஸ். ஆர். கனகசபை அவர்கள் 1938ஆம் ஆண்டில் ஆரம்பித்த கழகம் வின்சரின் பெயரையே தாங்கிற்று.

இவ்வரலாறு தரும் படிப்பினை யாது? கோடு, வடிவம், நிறம் என்னும் மூலக்கூறுகள் பொய்யல்ல. அவை கற்பிக்கத் தகாதனவுமல்ல. பிழை அவற்றில் இல்லை, அவை வந்த வரிசையிலேயே இருந்தது. மழை வரைந்த குழந்தையின் தாளிற் கோடுகள் சாய்ந்திருந்தால், "காற்றும் அடித்ததோ? மழை சாய்ந்து விழுகின்றதே" என்று ஆசிரியர் கேட்கட்டும். அக்கணத்திற் சாய்கோடு அக்குழந்தைக்குச் சொந்தமாகிவிடும். மஞ்சளும் நீலமும் தற்செயலாகக் கலந்து பச்சையானபோது, "இந்தப் பச்சை எங்கிருந்து வந்தது?" என்று கேட்டால், நிறக்கலப்பின் முதற்பாடம் முடிந்துவிடும். தைப்பொங்கலன்று தாயின் அருகிலிருந்து கோலமிடப் பழகும் சிறுமி, புள்ளியையும் கோட்டையும் தனிப்பாடமாகக் கற்பதில்லை. முற்றத்தில் மலரும் கோலத்தின் உறுப்புக்களாகவே கற்கின்றாள்.

இம்முறைக்கு விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. வெண்கட்டியும் கரித்துண்டும் பழைய தாளும் போதும். ஆனால் ஆசிரியரிடமிருந்து அது மிகுதியாகக் கேட்கின்றது. நாற்பது பிள்ளைகளுக்கு ஒரே சதுரத்தைக் கரும்பலகையில் வரைந்து காட்டுதல் எளிது. நாற்பது தாள்களையும் பார்த்து, ஒவ்வொன்றிலும் அக்குழந்தை தானறியாமலே கண்டடைந்ததை அதற்கு எடுத்துக் காட்டுதல் அரிது. அவ்வுழைப்பை மேற்கொள்ளும் ஆசிரியரின் வகுப்பில், "எனக்கு வரையத் தெரியாது" என்று சொல்லும் பிள்ளைகளின் தொகை ஆண்டுக்காண்டு குறைந்துவரும்.