காவல் நிலையத்தில் கட்டில் போட்ட நவஜோதி

காவல் அதிகாரியாக இருந்த கிரண் பேடி என்றதும் தமிழ் வாசகருக்கு அவர் துணைநிலை ஆளுநராகப் புதுச்சேரி ராஜ்நிவாஸில் 2016 முதல் 2021 வரை நடத்திய மல்லுக்கட்டுதான் சட்டென்று நினைவுக்கு வரும். அவர் தொடங்கிய நவஜோதி என்ற போதைமீட்பு அமைப்பின் கதை அதற்கு முப்பது ஆண்டு மூத்தது.

1986இல் அவர் வடக்கு டெல்லி மாவட்டக் காவல் துணை ஆணையர். யமுனைக் கரைக் குடிசைகளில் ‘ஸ்மாக்’ புகுந்துவிட்ட காலம். ஹெராயினின் மட்டரகம் அது. ஈயத்தாளில் வைத்துச் சூடுகாட்டிப் புகையை இழுப்பார்கள். பொட்டலத்துக்குக் காசில்லாதவன் சைக்கிள், பாத்திரம், மணிபர்ஸ் என்று கையில் சிக்கியதைத் தூக்குவான். பிடித்து அடைத்தால் அரை நாளுக்குள் மூக்கும் கண்ணும் ஒழுகும், எலும்பு நோகும், வாந்தி, வயிற்றுப்போக்கு. லாக்கப் காவலில் நிற்கும் போலீஸ்காரருக்கு வைத்தியமும் தெரியாது, வேடிக்கை பார்க்கவும் மனம் வராது. ஜாமீனில் போனவன் அதே சந்துக்கு, அதே திருட்டுக்குத்தான் திரும்புவான்.

சட்டம் இதை அறியாமல் இல்லை. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் என்றால் எல்லோருக்கும் அதன் கடுமையான தண்டனைகளே தெரியும். ஆனால் அதன் 39ஆம் பிரிவு, போதைக்கு அடிமையானவரைச் சிறைக்குப் பதிலாகச் சிகிச்சைக்கு அனுப்ப நீதிமன்றத்துக்கு வழிவிட்டது. 71ஆம் பிரிவு, சிகிச்சை மையங்கள் அமைக்க அரசுக்கு அதிகாரம் தந்தது. ஏட்டில் எல்லாம் இருந்தது. ஏழைக் குடிசைக்காரனை அனுப்பத்தான் இடம் இல்லை.

வடக்கு மாவட்டக் காவல்துறை தன் கட்டடங்களிலேயே அந்த இடத்தை ஒதுக்கியது. சராய் ரோஹில்லா காவல் நிலைய வளாகத்தில் நவஜோதியின் போதைமீட்பு மையம் இயங்கியது. போர்வை, மருந்து, சாப்பாடு எனப் பலவும் ஊரார் கொடுத்தவை. மருத்துவர்கள் மனமுவந்து வந்தார்கள். புருஷனைப் பற்றிப் புகார் கொடுக்க வந்தவள் அவனையே கையைப் பிடித்துக் கூட்டிவர ஒரு வாசல் திறந்தது. நவஜோதியின் பெரிய சாதனை இதுதான் என்பேன்.

ஒரு சங்கடத்தையும் சொல்லியாக வேண்டும். கைது செய்பவரும் கட்டில் கொடுப்பவரும் ஒரே ஆளாக இருந்தால், வருகிறவன் தன் விருப்பத்தில் வந்தானா, லத்திக்குப் பயந்து வந்தானா? சிகிச்சை நிற்பது நோயாளியின் சம்மதத்தில். ஹெராயினின் உடல்வேதனை ஒரு வாரத்தில் அடங்கிவிடும். அதற்குப் பிந்தைய மாதங்களில் அவனைக் காப்பது வேலையும் குடும்பமும்தான். அதைக் காவல் நிலையம் தர முடியாது.

இன்னொரு சிக்கல் மாற்றல். ஓர் அதிகாரியின் ஆர்வத்தில் பிறந்தது அவர் போனதும் பூட்டப்படுவது நம் அலுவலகங்களின் வழக்கம். 1988இல் பேடியும் சக காவல் அதிகாரிகளும் நவஜோதியைத் தனி அறக்கட்டளையாகப் பதிவு செய்தார்கள். அதே ஆண்டு அவர் மத்திய போதைப்பொருள் கட்டுப்பாட்டுப் பிரிவுக்குப் போனார். அமைப்பு நின்றுவிடவில்லை. 1994இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது; அந்தப் புகழில் டெல்லி திகார் சிறையில் அவர் செய்த சீர்திருத்தத்துக்குப் போன பங்கு பெரிது, நவஜோதி பின்னுக்குப் போய்விட்டது.

சிகிச்சைக்கு வந்தவர்களின் வீடுவரை போனபோதுதான் அடுத்த வேலை கண்ணில் பட்டது. பள்ளிக்குப் போகாத பிள்ளைகள், வருமானமில்லாத மனைவிகள். யமுனா புஷ்தா குடிசைப்பகுதியில் தெருவிலேயே பாய் விரித்துச் சொல்லிக்கொடுத்த ‘கலி’ பள்ளிகள் அப்படி முளைத்தவை. ‘கலி’ என்றால் இந்தியில் சந்து. எழுத்தறிவோடு பெண்களுக்குக் கைத்தொழிலும் சேர்ந்தது. போதைமீட்பில் தொடங்கிய அமைப்பு, போதைக்கு முந்தைய வறுமையிடம் வந்து சேர்ந்தது.

2004இல் புஷ்தா இடிக்கப்பட்டது. பல்லாயிரம் குடும்பங்களில் ஒரு பகுதி நகரின் வடமேற்கு விளிம்பிலுள்ள பவானாவில் மனை பெற்றது. பலருக்கு அதுவும் கிடைக்கவில்லை. பவானா போனவர்களுக்குப் பழைய கூலி வேலை கைக்கெட்டாத தூரமாயிற்று. நவஜோதியும் அங்கே பின்தொடர்ந்தது. பாடம், தொழிற்பயிற்சி, மகளிர் குழு என்று அதன் மையம் அங்கே இயங்குகிறது. ஹரியானா கிராமங்களிலும் அதற்கு வேலை உண்டு.