புல்மோட்டைக் கருமணலும் அரசின் சட்டமும்: ஒரு வரலாற்று நோக்கு

மண் மாசடைதல் என்றதும் ஆலைக்கழிவும் பூச்சிகொல்லியுமே நம் நினைவுக்கு வருகின்றன. மனிதன் சேர்த்த நஞ்சுக்கு ஒரு கர்த்தா உண்டு. சட்டம் அவனைத் தேடிப் பிடித்துப் பொறுப்புச் சுமத்தலாம். ஆனால் இயற்கையே மண்ணில் இட்டுவைத்த தீங்குப் பொருள்களுக்கு யார் பொறுப்பு? இவ்வினாவை வெறுங் கோட்பாட்டளவில் ஆராய்வதிலும், திருகோணமலை மாவட்டத்தின் வடகோடியிலுள்ள புல்மோட்டைக் கடற்கரையின் வரலாற்றினூடாக ஆராய்வதே பயனுடையது. அங்குள்ள கருமணலை அரசு முதலிற் செல்வமாகவும், பின்னர் அணுயுகத்தின் மூலப்பொருளாகவும் கண்டது. அம்மணலோடு வாழ்வோரினதும் உழைப்போரினதும் உடல்நலம் சட்டத்தின் கண்ணிற் பட்டது இறுதியிலேயே. இவ்வரிசை தற்செயலானதன்று என்பதே நமது கருத்து.

திருகோணமலை நகருக்கு வடக்கே ஐம்பது கிலோமீற்றருக்கு மேற்பட்ட தொலைவில், கொக்கிளாய்க் களப்பை அண்டிக் கிடப்பது புல்மோட்டை. உள்நாட்டுப் பழம்பாறைகள் சிதைந்து ஆறுகள் வழியே கடலையடைந்த மணலை வடகீழ்ப் பருவக்காற்றின் அலைகள் ஆண்டுதோறும் கரையில் அரித்துப் புடைக்கின்றன. இலேசான படிகமணல் அடித்துச் செல்லப்பட, பாரமான கருமணல் எஞ்சுகின்றது. அதிற் பெரும்பங்கு இல்மனைற். அடுத்து றூற்றைல், சிர்க்கன் என்பன. முன்னைய இரண்டும் தைத்தானியத்தின் தாதுக்கள்; வெண்ணிற வர்ணப்பூச்சுத் தொழிலுக்கு இன்றியமையாதன. இவற்றுடன் மிகச் சிறிதளவில் மொனசைற்றும் கலந்துள்ளது. தோரியம் என்னும் கதிரியக்க மூலகத்தைத் தன்னகத்தே கொண்டது அது. தோரியத்தின் அரைவாழ்வுக்காலம் ஏறத்தாழ 1400 கோடி ஆண்டுகள். மனித வரலாற்றின் அளவுகோலில் அது அழியாப் பொருளே.

இலங்கையில் தோரியத்தின் வரலாறு குடியேற்ற ஆட்சிக் காலத்தில் தொடங்குகின்றது. கலை வரலாற்றறிஞராகத் தமிழுலகு நன்கறிந்த ஆனந்த குமாரசுவாமி, 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் அளவையின் பணிப்பாளராகக் கடமையாற்றினார். பலாங்கொடைப் பகுதியிற் கிடைத்த கனிமமொன்று அவர் வழியாக இலண்டனிற் பகுப்பாய்வுக்குட்பட்டு, 1904 இல் தோரியனைற் என்னும் பெயர் பெற்றது. வாயு விளக்குகளின் வலைத்திரிகளுக்குத் தோரியம் தேவைப்பட்ட காலம் அது. மூலப்பொருளின் அளவும் தரமும் விலையுமே ஏகாதிபத்தியத்தின் அக்கறைக்குரியனவாயின. 1909 இல் திருவிதாங்கூர்க் கடற்கரை மணலில் மொனசைற் இனங்காணப்பட்டபோதும் நிகழ்ந்தது இதுவே. மண்ணைத் தோண்டியோர் சுவாசித்த தூசியைப் பற்றி அக்கால வணிகம் கவலை கொள்ளவில்லை.

இரண்டாம் உலகப் போரின் முடிவில் அணுகுண்டு வெடித்தபின் அதே பொருளின் அரசியற் பெறுமதி மாறியது. தோரியம் எதிர்கால அணு எரிபொருளாகக் கருதப்பட்டது. இந்தியா 1948 இல் அணுசக்திச் சட்டத்தை இயற்றி, 1950 இல் இந்திய அருமண் நிறுவனத்தை நிறுவியது. இலங்கையில் 1957 இல் கனிய மணற் கூட்டுத்தாபனம் அமைக்கப்பட்டது; 1960களின் தொடக்கத்திற் புல்மோட்டையில் உற்பத்தி ஆரம்பமாயிற்று. அத்தசாப்தத்தின் பிற்பகுதியில், திருகோணமலைத் துறைமுகக் கரையிலுள்ள சீனக்குடாவில் றூற்றைலையும் சிர்க்கனையும் பிரித்தெடுக்கும் வேலை நடைபெற்றது. பின்னர் அதுவும் புல்மோட்டைக்கே சென்றது. இல்மனைற் யப்பான் முதலிய நாடுகளுக்குக் கப்பலேறியது. தேசிய வளத்தை அரசுடைமையாக்கியமை முற்போக்கான செயலே என்பதை நாம் மறுக்கவில்லை. எனினும் 1969 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டத்தால் தோன்றிய அணுசக்தி அதிகாரசபை, அணுசக்தியை வளர்க்கும் பணியையும் அதனைக் கட்டுப்படுத்தும் பணியையும் ஒருங்கே ஏற்றது. வளர்ப்பவனே காவலனுமாகும் இம்முரண்பாடு 45 ஆண்டுகள் நீடித்தது.

இவ்விடத்தில் ‘இயற்கையானது’ என்னும் சொல்லின் உள்ளீட்டை ஆராய்தல் வேண்டும். சர்வதேச அணுசக்தி முகவரகம் 2014 இல் வெளியிட்ட அடிப்படைப் பாதுகாப்பு நியமங்கள், யுரேனிய, தோரியத் தொடர்களைச் சேர்ந்த இயற்கைக் கதிரியக்கப் பொருள்களுக்கு ஓர் எல்லை வகுத்துள்ளன. அது கிராமுக்கு 1 பெக்கரல், அதாவது செக்கனுக்கு ஒரு சிதைவு. ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மொனசைற்றில் நூற்றுக்கு 7 பங்கு தோரியம் என்று கொண்டால், அதன் தோரியத்தால் மட்டும் கிராமொன்றுக்கு ஏறத்தாழ 280 பெக்கரல் உண்டாகும். ஆயிரம் கிராம் மணலில் 3 கிராம் மொனசைற் இருப்பின், அம்மணலின் அளவு கிராமுக்கு 0.85 பெக்கரல், எல்லைக்குச் சற்றுக் கீழே. ஆலையில் நீராலும் காந்தத்தாலும் மின்னேற்றத்தாலும் மணல் வகைபிரிக்கப்படும்போது, மொனசைற் தனியே எடுக்கப்படினும் கழிவோடு எஞ்சினும், சிதறிக் கிடந்தது ஓரிடத்திற் செறிகின்றது. கடற்கரையில் சட்டத்துக்கு அப்பாற்பட்டிருந்த பொருள், ஆலையின் பின்வாசலில் எல்லையைப் பன்மடங்கு கடந்துவிடலாம். தோரியத்தை இயற்கை தந்தது. செறிவைத் தந்தது உற்பத்தி முறை. ஆகவே பொறுப்பும் உற்பத்தியாளனையே சாரும்.

கருமணற் கரையில் வாழ்வதே நோய்க்குக் காரணம் என்று நாம் கூறவரவில்லை. கேரளத்தின் கருநாகப்பள்ளிக் கரையில் ஏறத்தாழ 70,000 பேரைத் தொடர்ந்து அவதானித்து 2009 இல் வெளியிடப்பட்ட ஆய்வு, இயற்கைக் கதிர்வீச்சால் அங்கு புற்றுநோய் மிகுந்தமைக்குச் சான்று காணவில்லை. அறிவியலுக்கு மாறான அச்சத்தைப் பரப்புதல் முற்போக்காகாது. ஆயினும் கரையில் வசிப்பவனின் நிலை வேறு. உலர்ந்த மணற்றூசியிடையே நாள் முழுதும் உழைப்பவனின் நிலை வேறு. தூசி நுரையீரலுட் புகுந்து தங்கும். முன்னவனைப் பற்றிய ஆய்வைக் காட்டிப் பின்னவனுக்கு ஆறுதல் கூறுதல் பொருந்தாது.

1980 இன் தேசிய சுற்றாடற் சட்டம், 1981 இன் கரையோரப் பாதுகாப்புச் சட்டம், 1992 இன் சுரங்கங்கள், கனிப்பொருள்கள் சட்டம் என்பன ஒன்றன்பின் ஒன்றாய் வந்தன. நீர், கரை, கனிமம் என ஒரே மணல் பல அதிகாரசபைகளிடையே கூறுபட்டது. இச்சட்டங்கள் வேரூன்றவேண்டிய காலத்திலேயே போர் மூண்டது. 1984 இன் இறுதியிற் கொக்கிளாய்ப் பகுதித் தமிழ் மக்கள் தம் ஊர்களைவிட்டு வெளியேற நேர்ந்தது. 1997 செப்டெம்பரில் இல்மனைற் ஏற்றிக்கொண்டிருந்த ‘கோர்டியாலிற்றி’ என்னும் கப்பல் புல்மோட்டைக்கப்பாற் கடலில் தாக்கப்பட்டது. படைவேலிக்குட்பட்ட கரையில் பொதுமக்களின் கண்காணிப்புக்கு ஏது இடம்? வளர்ப்பவனையும் காவலனையும் பிரித்து, ஒழுங்குபடுத்தலுக்கெனத் தனிப் பேரவை அமைத்தது 2014 ஆம் ஆண்டின் 40 ஆம் இலக்கச் சட்டமே. புல்மோட்டையில் உற்பத்தி தொடங்கி அரை நூற்றாண்டு கழிந்தபின்னரே இது நிகழ்ந்தது.

இவ்வரலாறு உணர்த்துவது யாது? இயற்கைப் பொருளை உடைமையாக்கும் வேளையில் அரசுக்கு இயற்கை ஒரு தடையாகத் தோன்றவில்லை. நிலத்தடியிலுள்ளதும் தனதே என்றது. அதன் தீங்கிற்குப் பொறுப்பேற்கும் வேளையில் மட்டும் ‘இயற்கை’ ஒரு திரையாகின்றது. உடைமை எவருடையதோ பொறுப்பும் அவருடையதே. எனவே அளவீடு கடற்கரை மணலோடு நின்றுவிடாது, பிரிப்புக்குப் பின்னான கழிவிலும் தொழிலாளர் சுவாசிக்கும் காற்றிலும் செய்யப்படல் வேண்டும். அதன் பெறுபேறுகள் தமிழிலும் சிங்களத்திலும் அவ்வூரவரைச் சென்றடைதல் வேண்டும். 2016 ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டம் இதனைக் கேட்கும் உரிமையை மக்களுக்கு வழங்கியுள்ளது. புல்மோட்டையில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே கரையில் வலை இழுக்கின்றனர். ஒரே ஆலையில் உழைக்கின்றனர். மணற்றூசி இனம் பார்த்து நுரையீரலை அடைவதில்லை. இக்கேள்வியை அவர்கள் ஒன்றுகூடி எழுப்பும்போதே சட்டம் ஏட்டிலிருந்து இறங்கிக் கரைக்கு வரும்.