கதையும் சான்றும்: திருகோணமலை அனுபவத்தின் வழியாக ஊடாட்டப் பத்திரிகைக்கலை பற்றிய ஒரு நோக்கு

கதை கூறுவோரை வால்டர் பெஞ்சமின் 1936 ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையொன்றில் இரு வகையினராகப் பகுத்துக் காட்டினார். ஊரிலே தங்கி நிலத்தை உழும் உழவன் ஒருவன். தூரதேசம் சென்று மீளும் கடலோடி மற்றவன். ஆழமிக்க இயற்கைத் துறைமுகத்தையும் தம்பலகாமத்து வயல்வெளியையும் ஒருங்கே கொண்ட திருகோணமலை மாவட்டத்திற்கு இப்பகுப்பு இயல்பாகவே பொருந்துகின்றது. இவ்விரு வகைக் கதைகூறலிலும் கேட்போர் வாளாவிருந்ததில்லை. இடைமறித்து வினவினர்; ஐயம் எழுப்பினர்; தாம் அறிந்ததையும் சேர்த்துக் கூறினர். முதலாளித்துவ அச்சுப் பத்திரிகை பெருகியபோது செய்தி விற்பனைப் பண்டமாயிற்று. கேட்போர் வாசகராயினர், வாசகர் நுகர்வோராயினர்.

இழந்துபோன அவ்வுறவை இணையத்தளங்களில் வளர்ந்துள்ள ஊடாட்டப் பத்திரிகைக்கலை மீட்டுத் தருகின்றது என்பர். எழுத்து, ஒளிப்படம், ஒலி, காணொளி, நிலப்படம் ஆகியன இங்கு ஒரே கதையில் இணைகின்றன. எதனை முதலிற் காண்பது, எவ்விடத்தில் நின்று ஆழ நோக்குவது என்பவற்றை வாசகரே தெரிவு செய்கின்றனர். இக்கூற்று எத்துணை உண்மையானது என்பதை, 2006 ஆம் ஆண்டில் திருகோணமலையில் நிகழ்ந்தவற்றைக் கொண்டு ஆராய்வதே எமது நோக்கமாகும்.

முதலில் வடிவத்தை நோக்குவோம். 2012 டிசம்பரில் நியூயோர்க் டைம்ஸ் வெளியிட்ட ‘ஸ்னோ ஃபோல்’ என்னும் ஆக்கம் இத்துறையின் முன்மாதிரியாகப் பேசப்படுவது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் மூவரைப் பலிகொண்ட பனிச்சரிவொன்றை அது ஆறு பகுதிகளில் விவரித்தது. அதனை எழுதிய ஜோன் பிராஞ்ச் 2013 இல் புலிட்சர் பரிசு பெற்றார். அதன் தொழில்நுட்பச் சிறப்பை நாம் மறுக்கவில்லை. எனினும் வாசகர் செல்லக்கூடிய வழிகள் யாவும் அங்கு முன்னரே வகுக்கப்பட்டிருந்தன. தெரிவு வாசகருடையதாயினும், எவற்றிலிருந்து தெரிவது என்பதை நிர்ணயித்தது பத்திரிகை நிறுவனமே. வானொலி வெறும் விநியோகக் கருவியாக இராது, கேட்போரையும் பேசவைக்கும் தொடர்புக் கருவியாக மாறவேண்டும் என்று 1932 இல் பிரெக்ட் வாதிட்டமை இங்கு நினைவுகூரத்தக்கது. பிரச்சினை கருவியின் ஆற்றல் பற்றியது மட்டுமன்று. அதனை யார் கையில் வைத்திருக்கின்றனர், யாருக்காகப் பயன்படுத்துகின்றனர் என்னும் சமூக உறவு பற்றியதுமாகும்.

இவ்வுறவைத் திருகோணமலை நிகழ்வுகள் கூர்மையாக வெளிப்படுத்துகின்றன. 2006 ஜனவரி 2 ஆம் திகதி மாலை, நகரின் கடற்கரையில் தமிழ் மாணவர் ஐவர் கொல்லப்பட்டனர். அவர்கள் வைத்திருந்த கைக்குண்டு வெடித்தமையாலேயே இறந்தனர் எனப் படைத்தரப்பு முதலிற் கூறியது. அதுவும் ஒரு கதையே. தொடக்கமும் முடிவும் காரணகாரியமும் அதற்கு இருந்தன. பரப்புவதற்கு அதிகாரத்தின் வலிமையும் இருந்தது. ‘சுடர் ஒளி’ பத்திரிகையின் திருகோணமலைச் செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் அம்மாணவரின் உடல்களைப் படம்பிடித்தார். அவர் எடுத்த படங்கள் உடல்களிலிருந்த சூட்டுக்காயங்களைக் காட்டின. கைக்குண்டுக் கதை நிலைகுலைந்தது. அதே மாதம் 24 ஆம் திகதி காலை, சுகிர்தராஜன் திருகோணமலை நகரிலே சுட்டுக்கொல்லப்பட்டார். அக்கொலைக்காக இதுவரை எவரும் தண்டிக்கப்படவில்லை.

அப்படங்களில் வாசகர் அழுத்துவதற்குப் பொத்தான் ஏதும் இருக்கவில்லை. ஆயினும் வாசகர் செய்யவேண்டிய அடிப்படையான செயலை அவை இயலச் செய்தன. அதிகாரம் கூறிய கதையை ஒருபுறமும் சான்றை மறுபுறமும் வைத்து, ஒப்பிட்டு, தாமே தீர்ப்புக் கூறும் நிலையை வாசகர் அடைந்தனர். ஊடாட்டத்தின் சாரம் இதுவே என்பது எமது கருத்து. சான்றைச் சோதிக்கும் உரிமையை வாசகருக்கு வழங்காத ஆக்கம் எத்தனை கிளைவழிகளைக் கொண்டிருந்தாலும், அது பழைய நுகர்வுறவின் புதிய வடிவமேயாகும்.

இலங்கையில் இப்புதிய வடிவம் பயனற்றுப்போயிற்று என்று இதனாற் கொள்ளலாகாது. 2006 இல் தொடங்கப்பட்ட ‘கிரவுண்ட்வியூஸ்’ என்னும் குடிமக்கள் பத்திரிகைத் தளம், 2013 இல் 1983 ஜூலை வன்செயலின் முப்பதாண்டு நிறைவையொட்டி நெடுங்கட்டுரைகளையும் ஒளிப்படங்களையும் நினைவுக் கூற்றுகளையும் ஒன்றிணைத்து வெளியிட்டது. தனியொரு ஆசிரியரின் குரலுக்குப் பதிலாகப் பலரது அனுபவங்கள் அங்கு அருகருகே வைக்கப்பட்டன. இது வரவேற்கத்தக்கது. ஆயின் அத்தளம் முதன்மையாக ஆங்கிலத்தில் இயங்குவது என்பதையும் நாம் மறத்தலாகாது. மாவட்டத்தின் தென்கரையிலுள்ள இலங்கைத்துறை முகத்துவாரம் போன்ற ஊர்களை எண்ணிப் பார்க்கவேண்டும். 2006 இல் மூண்ட போர் ஈச்சிலம்பற்றுப் பகுதி மக்களைக் குடும்பம் குடும்பமாக இடம்பெயரச் செய்தது. அத்தகைய மீனவரும் உழவரும் பிறர் கூறும் கதையில் நிலப்படப் புள்ளிகளாக மட்டும் இடம்பெறுவராயின், பெஞ்சமின் குறிப்பிட்ட ஆதிக் கதைகூறுவோர் இருவருமே தம் கதையிலிருந்து வெளியேற்றப்பட்டவராவர்.

சான்று வெளிவந்துவிட்டால் நீதி தானே பின்தொடரும் என்னும் நம்பிக்கைக்கும் இடமில்லை. மாணவர் கொலை தொடர்பாக 2013 ஜூலையில் விசேட அதிரடிப்படையினர் கைது செய்யப்பட்டனர். இதற்கிடையில் அச்சுறுத்தல் காரணமாகச் சாட்சிகள் சிலர் நாட்டைவிட்டு வெளியேறியிருந்தனர். 2019 ஜூலை 3 ஆம் திகதி திருகோணமலை நீதவான் நீதிமன்றம், போதிய சான்று இல்லையெனக் கூறிச் சந்தேகநபர் பதின்மூவரையும் விடுவித்தது. அரசு கூறிய கதையைப் படங்களால் உடைக்க முடிந்தது; அரசின் நிறுவனங்களை அவற்றால் மாற்ற முடியவில்லை. அது மக்களின் அமைப்புரீதியான போராட்டத்திற்குரிய பணியாகும்.

எனவே, ஊடாட்டப் பத்திரிகைக்கலையை மதிப்பிட முனையும் ஆய்வாளர் அதன் அழகையும் வேகத்தையும் மட்டும் அளந்து அமைதல் போதாது. கதையில் யார் பேசுகின்றனர், சான்று யார் கைக்கு எட்டுகின்றது, அதனை வெளிப்படுத்துவோருக்கு எத்தகைய பாதுகாப்பு உண்டு என்னும் மூன்று வினாக்களையும் எழுப்புதல் வேண்டும். திருகோணமலையில் இவ்வினாக்கள் ஒரு பத்திரிகையாளரின் உயிரை விலையாகக் கொண்டு எழுந்தவை. அவற்றைத் தவிர்த்துவிட்டு இக்கலையின் வரலாற்றை எழுதுதல் இயலாது.