சதுக்கத்தில் செவ்வியல் நாடகம்: ஸ்பெயினின் ‘லா பராக்கா’ பல்கலைக்கழக நாடகக் குழு (1931–1936)

1932 ஜூலை 10 அன்று, ஸ்பெயினின் சோரியா மாநிலத்தைச் சேர்ந்த எல் புர்கோ தெ ஓஸ்மா என்னும் சிற்றூரில், மாத்ரித் நகரத்திலிருந்து வந்த பல்கலைக்கழக மாணவர்கள் செர்வாந்தேஸ் எழுதிய குறுநாடகங்களை நடித்துக் காட்டினர். மேடையைப் பூட்டியவர்களும் அவர்களே, வேடம் கட்டியவர்களும் அவர்களே. ‘லா பராக்கா’ என்ற பெயரில் இயங்கிய அந்தப் பல்கலைக்கழக நாடகக் குழுவின் முதல் பயணம் அங்கேதான் தொடங்கியது. ஏறத்தாழ நான்கு ஆண்டுகளில், 1936 கோடையில் மூண்ட உள்நாட்டுப் போரோடு அதன் கதை முடிந்தது.

குழுவை வழிநடத்தியவர் கவிஞர் ஃபெதெரிகோ கார்சியா லோர்கா. ஆகவே பெரும்பாலான நூல்கள் இதை லோர்காவின் வாழ்க்கை வரலாற்றில் ஓர் அத்தியாயமாகவே சொல்லி முடித்துவிடுகின்றன. அப்படிப் பார்க்கும்போது முக்கியமான ஒரு கேள்வி விடுபட்டுப் போகிறது. 300 ஆண்டுப் பழமை கொண்ட நாடகங்களை வகுப்பறையிலிருந்து எடுத்து, எழுத்தறியாத மக்கள் கூடிய சதுக்கத்தில் வைத்தபோது அந்த நாடகங்களுக்கு என்ன நேர்ந்தது? மக்களுக்குக் கல்வி கொடுக்கும் திட்டமாகத் தொடங்கிய லா பராக்கா, சில ஆண்டுகளிலேயே செவ்வியல் நூல்களை வாசிக்கும் ஒரு புதிய முறையாக வளர்ந்தது என்பதும், அதை அவ்வாறு வளர்த்தது திறந்தவெளியே என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

குடியரசும் ஊர்ப்புறமும்

1931 ஏப்ரல் 14 அன்று ஸ்பெயினில் முடியாட்சி வீழ்ந்து இரண்டாம் குடியரசு பிறந்தது. அப்போது மக்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். நகரத்துக்கும் ஊர்ப்புறத்துக்கும் இடையே இருந்த இடைவெளியைக் குறைப்பது தன் கடமை என்று குடியரசு கருதியது. அதே ஆண்டு மே மாத இறுதியில் ‘கல்விப் பணிக்குழுக்கள்’ என்னும் அமைப்பை அரசு உருவாக்கியது. மூத்த கல்வியாளர் மனுவேல் பர்த்தொலொமே கொசியோ அதன் தலைவரானார். நூலகப் பெட்டிகள், திரைப்படக் கருவிகள், புகழ்பெற்ற ஓவியங்களின் படிகள் ஆகியவற்றோடு அக்குழுக்கள் மலையூர்களுக்குச் சென்றன. அலெஹாந்த்ரோ கசோனா பொறுப்பேற்று நடத்திய ஒரு நாடகக் குழுவும் அவற்றோடு சென்றது.

லா பராக்கா இந்தச் சூழலில் பிறந்ததுதான். ஆனால் அதன் வேர் மாணவர் இயக்கத்தில் இருந்தது. பிரிமோ தெ ரிவேராவின் சர்வாதிகாரத்தை எதிர்த்துப் போராடி வலுப்பெற்றிருந்த மாணவர் சங்கங்களின் கூட்டமைப்பே இதை முன்னெடுத்தது. 1931 நவம்பர் மாதத் தொடக்கத்தில் லோர்கா இந்தத் திட்டத்தைப் பற்றி நண்பர்களிடம் பேரார்வத்தோடு பேசியதை, மாத்ரித்தில் பணியாற்றிய சிலி நாட்டுத் தூதரக அலுவலர் கார்லோஸ் மொர்லா லிஞ்ச் தம் நாட்குறிப்பில் பதிந்திருக்கிறார். அடுத்த மாதமே பெர்னாந்தோ தெ லோஸ் ரியோஸ் கல்வி அமைச்சரானார். கிரானாதா நகரில் இருந்த நாள்களிலிருந்தே லோர்காவுக்கு அவர் ஆசான். 1929இல் இருவரும் சேர்ந்தே நியூயார்க் பயணம் சென்றிருந்தனர். அவர் ஆதரவால் குழுவுக்கு ஆண்டுக்கு 1,00,000 பெசெத்தா அரசு மானியம் கிடைத்தது.

குழுவின் அமைப்பு

லோர்காவும் எழுத்தாளர் எதுவார்தோ உகார்தேயும் கலை இயக்குநர்கள். நிர்வாகத்தைத் தத்துவ-இலக்கியப் புல மாணவர்களும் கட்டடக்கலை மாணவர்களும் பகிர்ந்துகொண்டனர். இந்தக் கூட்டு தற்செயலானதல்ல. ஒரு தரப்பு நாடகப் பாடத்தைப் பார்த்துக்கொள்ள, மறு தரப்பு மேடையைப் பார்த்துக்கொண்டது. பக்கத்துக்கு எட்டு மீட்டர் அளவுள்ள சதுர மேடையைத் துண்டு துண்டாகக் கழற்றி ஒரு லாரியில் ஏற்றினர். நடிகர்கள் அரசு தந்த காவல்துறை வேன்களில் பயணம் செய்தனர். ஊர் சேர்ந்ததும் ஆண்கள் நீல நிற ஆலைத்தொழிலாளர் உடுப்போடு இறங்கிப் பலகைகளை அடுக்கி ஆணி அடித்தனர். பெண்களுக்கு நீலமும் வெள்ளையும் கலந்த உடை. மார்பில் ஒரு சின்னம்: ஓவியர் பென்ஹமின் பலென்சியா வரைந்த சக்கரமும் அதன் நடுவே ஒரு முகமூடியும்.

நடிகர் தேர்வு கடுமையாக இருந்தது. தேர்வானவர்களுக்கு ஊதியம் கிடையாது. அவர்கள் பெயர்கள் அறிவிக்கப்படவும் இல்லை. வணிக நாடக உலகில் நட்சத்திர நடிகருக்காகவே நாடகம் எழுதப்பட்ட காலம் அது. தலைமை நடிகர் என்று ஒருவரும் இல்லாத, எல்லாரும் சமமாகப் பயிற்சி பெறும் குழு என்பது ஸ்பெயின் மேடைக்குப் புதிது. அமைச்சரின் மகள் லௌரா தெ லோஸ் ரியோஸும் லோர்காவின் தங்கை இசபெல்லும் தொடக்கத்தில் இதில் பங்கேற்றனர். ஆணும் பெண்ணுமாக மாணவர்கள் ஒரே வண்டியில் ஊர் ஊராகப் போவதைப் பழமைவாதிகள் ஏற்கவில்லை.

காட்சி அமைப்பை இளம் ஓவியர்களிடம் ஒப்படைத்தனர். செர்வாந்தேஸின் மூன்று குறுநாடகங்களுக்கு சந்தியாகோ ஒந்தான்யோன், ரமோன் காயா, அல்போன்சோ போன்சே தெ லெயோன் ஆகிய மூவரும் ஆளுக்கொன்றாகத் திரை வரைந்தனர். பாரிஸ் வரை பேசப்பட்ட நவீன ஓவியமுறை, அருங்காட்சியகத்தையே கண்டிராத மக்கள் முன்னே முதன்முதலாக ஒரு நாடகத் திரையாக விரிந்தது.

சோரியாவும் அல்மசானும்

முதல் பயணத்துக்குக் குழு தேர்ந்த பெரிய நாடகம் வியப்பூட்டுவது. எளிய நகைச்சுவைக் குறுநாடகங்களோடு, 17ஆம் நூற்றாண்டு நாடகாசிரியர் கால்தெரோன் எழுதிய ‘வாழ்க்கை ஒரு கனவு’ என்னும் சமய உருவக நாடகத்தையும் கொண்டுசென்றனர். அதே பெயரில் கால்தெரோனுக்குப் புகழ்பெற்ற நாடகம் வேறொன்று உண்டு. இதுவோ நற்கருணைத் திருவிழாவுக்காக எழுதப்பட்ட இறையியல் படைப்பு. நீர், காற்று, நிலம், நெருப்பு ஆகிய பூதங்கள் பாத்திரங்களாக வந்து பேசும். மனிதன் படைக்கப்பட்டு, வீழ்ந்து, மீட்கப்படும் வரலாறே கதை. லோர்கா இதில் ‘நிழல்’ என்னும் பாத்திரத்தில் கருந்துணி போர்த்தி நடித்தார்.

சமயச் சார்பற்ற குடியரசின் பணத்தில் கத்தோலிக்க இறையியல் நாடகமா என்ற கேள்வி எழுந்தது இயல்பே. வலதுசாரிகளோ, குழுவையே இடதுசாரிப் பிரசாரக் கருவி என்றனர். சோரியா நகரில் பழைய சான் ஹுவான் தெ துவேரோ மடத்தின் இடிபாடுகளுக்கு நடுவே இந்நாடகம் நடந்தபோது, எதிர்ப்பாளர் கூட்டமொன்று கூச்சலிட்டுக் குழப்பியதில் நிகழ்ச்சி தடைப்பட்டது.

அதே பயணத்தில் அல்மசான் சதுக்கத்தில் நடந்தது இதற்கு நேர்மாறானது. அதைக் கண்ணாரக் கண்டு எழுதியவர் கவிஞரும் மொழியியலாளருமான தாமசோ அலோன்சோ. நாடகம் தொடங்கிச் சற்று நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. நடிகர்கள் நனைந்தபடியே வசனம் பேசினர். பெண்கள் முக்காட்டை இழுத்துத் தலையை மூடிக்கொண்டனர். ஆண்கள் ஒருவரோடொருவர் நெருங்கி நின்றனர். ஒருவரும் கலையவில்லை. நாடகம் தொடர்ந்தது.

இது வெறும் நெகிழ்ச்சிக் கதையாக நின்றுவிடக் கூடாது. இதில் ஒரு சான்று இருக்கிறது. இறையியல் உருவகம் எளிய மக்களுக்குப் புரியாது என்று முன்கூட்டியே முடிவு கட்டுவது நகரத்துக் கற்றவரின் பழக்கம். ஆனால் 17ஆம் நூற்றாண்டில் இத்தகைய நாடகங்கள் பிறந்த இடமே தெருதான். திருவிழா நாளில் அலங்கார வண்டிகள் ஊர்வலமாக வந்து சதுக்கத்தில் நிற்க, ஊரே கூடி நின்று பார்த்தது. அதற்கும் முந்தைய தலைமுறையைச் சேர்ந்த லோப்பே தெ ருவேதாவின் மேடை, நான்கு பெஞ்சுகளும் அவற்றின் மேல் சில பலகைகளும் பின்திரையாக ஒரு பழைய கம்பளியும்தான் என்று செர்வாந்தேஸ் 1615இல் நினைவுகூர்ந்திருக்கிறார். அந்த ருவேதாவின் குறுநாடகம் ஒன்றையும் லா பராக்கா நடித்தது. ஆகவே மாணவர்கள் உயர்ந்த இலக்கியத்தைக் கீழே இறக்கிக் கொடுத்தனர் என்பது தவறான வருணனை. அச்சுப் புத்தகத்துக்குள்ளும் அரண்மனை அரங்குக்குள்ளும் போய்ச் சேர்ந்துவிட்ட ஒரு கலையை அதன் பிறந்த மண்ணுக்கே அவர்கள் திருப்பிக் கொண்டுவந்தனர்.

நீக்கப்பட்ட அரசர்கள்

குழுவின் வளர்ச்சியில் திருப்புமுனை, 1933 மே 31 அன்று வலென்சியாவில் அரங்கேறிய ‘ஃபுவெந்தே ஒவெஹூனா’. லோப்பே தெ வேகா எழுதிய இந்நாடகம் 1619இல் அச்சானது. 1476இல் கோர்தோபா வட்டாரத்து ஊரொன்றில் நடந்த உண்மைக் கிளர்ச்சியே இதன் கரு. ஊர்ப் பெண்களைச் சீரழித்த படைத்தலைவனை ஊரார் திரண்டு கொல்கின்றனர். கொன்றது யார் என்று சித்திரவதை செய்து கேட்டபோதும் ஒவ்வொருவரும் ஊரின் பெயரையே சொல்கின்றனர். மூலத்தில் கத்தோலிக்க அரசர்களான பெர்னாந்தோவும் இசபெல்லும் இறுதியில் வந்து ஊரை மன்னிக்கின்றனர். லோப்பே எழுதிய காலத்தில் அது இன்றியமையாத முடிவு. கொடியவனைத் தண்டித்த மக்களின் செயலுக்கு முடியரசின் ஏற்பு தேவைப்பட்டது.

லோர்கா அரசர்கள் வரும் பகுதிகளை நீக்கிவிட்டார். படைத்தலைவனின் அரசியல் போர் பற்றிய கிளைக்கதையையும் வெட்டினார். மிஞ்சியது ஊரும் கொடுங்கோலனும் மட்டுமே. சிற்பி அல்பெர்தோ சான்செஸ் காட்சியமைப்பையும் உடைகளையும் வடிவமைத்தார். ஊராருக்குச் சமகால உழவர் உடை தரப்பட்டது. லோர்கா தொகுத்து வைத்திருந்த நாட்டுப்பாடல்கள் திருமணக் காட்சியை நிறைத்தன. நிலச்சீர்திருத்தச் சட்டம் 1932 செப்டம்பரில் நிறைவேறியிருந்தது. 1933 ஜனவரியில் காசாஸ் வியேஹாஸ் என்னும் ஊரில் கிளர்ந்த உழவர்களைக் காவல்படை சுட்டுக் கொன்ற செய்தி நாட்டையே உலுக்கியிருந்தது. அந்த ஆண்டில் இந்நாடகத்தைக் கண்ட எந்த உழவரும் இதைப் பழங்கதை என்று எண்ணியிருக்க முடியாது.

இது ஒருமுறை மட்டும் நடந்ததன்று. லோப்பே மறைந்த 300ஆம் ஆண்டான 1935இல், அவருடைய ‘ஒல்மேதோ வீரன்’ நாடகத்தைக் குழு சந்தாந்தேரில் நடித்தது. மூலத்தின் இறுதியில் அரசர் வந்து கொலையாளிகளைத் தண்டிப்பார். லோர்கா வீரனின் மரணத்தோடே நாடகத்தை முடித்தார். இரு நாடகங்களிலும் நீங்கியது ஒன்றே: மேலிருந்து வந்து எல்லாவற்றையும் சரிசெய்யும் நீதி. குழு எக்கட்சியையும் சாராதது என்று லோர்கா திரும்பத் திரும்ப வலியுறுத்தியிருக்கிறார். அதை நம்பலாம். ஆனாலும் இந்த வெட்டுகள் காலநீளம் குறைக்கச் செய்தவை அல்ல. மூலநூலின் எந்தப் பகுதி இன்றும் உயிரோடு நிற்கிறது, எந்தப் பகுதி அதன் காலத்தின் கட்டாயம் என்று பிரித்தறியும் விமர்சனச் செயல் அது. பதிப்பாசிரியர் அடிக்குறிப்பில் செய்வதை அவர் மேடையில் செய்தார்.

இந்த அனுபவம் லோர்காவின் சொந்த எழுத்திலும் வேலை செய்தது. ‘இரத்தத் திருமணம்’ 1933 மார்ச்சிலும் ‘யெர்மா’ 1934 டிசம்பரிலும் அரங்கேறின. பேச்சிலிருந்து பாட்டுக்கு மாறும் போக்கும், தனிமனிதரின் துயருக்குப் பின்னே ஊரார் குரல் ஒலிப்பதும் அவற்றின் வலிமை. ஊர்ச் சதுக்கங்களில் பழைய நாடகங்களை இயக்கிய கை அவற்றில் தெரிகிறது.

மானியமும் அரசியலும்

1933 நவம்பர்த் தேர்தலில் வலதுசாரிகள் வென்றனர். அப்போது லோர்கா அர்ஜென்டினாவில் இருந்தார். பொறுப்பை உகார்தே சுமந்தார். 1934இல் மானியம் பாதியாகக் குறைந்து 50,000 பெசெத்தா ஆனது. 1935இல் அதுவும் நின்றது. பணச்சுருக்கம் பயணப்பாதையிலும் தெரிந்தது. முதலாண்டின் சிற்றூர்களுக்குப் பதிலாக, நகரங்களும் சந்தாந்தேரின் மக்தலேனா அரண்மனையில் நடந்த பன்னாட்டுக் கோடைப் பல்கலைக்கழகமும் முக்கிய இடங்களாயின. 1933, 1934, 1935 ஆகிய மூன்று கோடைகளிலும் குழு அங்கே நடித்தது. உழவர்களுக்காகப் பிறந்த குழு பேராசிரியர்கள் முன் நடிக்கத் தொடங்கியது ஒரு விலகல் என்ற விமர்சனத்தில் நியாயம் உண்டு. ஆனால் திர்சோ தெ மொலினாவின் நாடகமும் ஹுவான் தெல் என்சினாவின் ஆயர் நாடகமும் சேர்ந்து 13 படைப்புகள் வரை பட்டியல் விரிந்ததும் இந்தக் காலத்தில்தான்.

ஒரே அமைச்சரின் ஆதரவை நம்பி நின்றது குழுவின் பெரும் பலவீனம். பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டத்துக்குள்ளோ நிலையான நிதிக்குள்ளோ அது வேர்விடவில்லை. ஆகவே ஆட்சி மாறியதும் அடித்தளமே ஆடியது.

முறிவும் தொடர்ச்சியும்

1936 ஆகஸ்டில் கிரானாதாவுக்கு அருகே லோர்கா சுட்டுக் கொல்லப்பட்டார். குழுவின் செயலாளராக இருந்த ரபாயேல் ரொத்ரிகேஸ் ரபூன் 1937இல் குடியரசுப் படையில் போரிட்டு இறந்தார். முதல் பயணத்துக்குத் திரை வரைந்த போன்சே தெ லெயோன் எதிர்முகாமான பலாங்கே கட்சியைச் சேர்ந்தவர். 1936இல் மாத்ரித்தில் குடியரசுத் தரப்பினர் அவரைக் கொன்றனர். ஒரே மேடைக்கு உழைத்தவர்களை நாட்டின் பிளவு இரு பக்கமும் பலி கொண்டது.

முறை மட்டும் பிழைத்தது. குழுவில் நடிகராக இருந்த மொதெஸ்தோ இகேராஸ், போருக்குப் பிறகு, அதில் வென்ற சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சியில் அதிகாரபூர்வ மாணவர் சங்கம் நடத்திய பல்கலைக்கழக நாடகக் குழுவை இயக்கினார். குடியரசின் மாணவர் மேடையில் கற்ற கூட்டுப் பயிற்சியும் செவ்வியல் நாடகத் தேர்வும் அதன் பகைவர்களின் நிறுவனத்துக்குள்ளும் புகுந்துவிட்டன. மற்றொரு நடிகரான லூயிஸ் சாயென்ஸ் தெ லா கல்சாதா 1976இல், பிராங்கோ இறந்த மறு ஆண்டு, குழுவின் வரலாற்றை நூலாக வெளியிட்டார். இன்று அக்குழுவைப் பற்றி நாம் அறிந்திருப்பதில் பெரும்பகுதிக்கு அந்நூலே ஆதாரம்.

முடிவுரை

லா பராக்காவை எண்ணிக்கையால் அளந்தால் சாதனை சிறிதாகவே தெரியும். ஏறத்தாழ இருபது பயணங்களால் ஒரு நாட்டின் எழுத்தறியாமை தீர்ந்துவிடாது, தீரவும் இல்லை. அதன் மதிப்பு வேறிடத்தில் இருக்கிறது. ஒரு பழைய நாடகம் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்பதை நூலகத்தில் மட்டும் தீர்மானிக்க முடியாது. அதற்குப் பார்வையாளர் வேண்டும், அதுவும் அந்நாடகத்தை மதிக்க வேண்டும் என்று யாராலும் கற்பிக்கப்படாத பார்வையாளர் வேண்டும் என்பதை அது செய்து காட்டியது. சதுக்கத்தில் நின்றவர்கள் மாணவர்களுக்குத் தேர்வாளர்களாக இருந்தனர். இலக்கியத் துறையும் நாடகத் துறையும் கொண்ட எந்தப் பல்கலைக்கழகமும் தன் ஆய்வின் ஒரு பகுதியாகவே இத்தகைய பயணத்தைக் கருத வேண்டும். அதற்கான நிதியை ஆட்சி மாற்றங்கள் தீண்டாத இடத்தில் வைக்க வேண்டும். லா பராக்கா எட்டிய உயரமும் அது வீழ்ந்த விதமும் சேர்ந்தே நமக்குச் சொல்லும் பாடம் இது.